ஆத்தா பேச்சைத் தட்டாத பெட்டி

உழவுமதிக்குக் குங்குமம் இட்டு, அம்மன் காலடியில் வைத்தாயிற்று. உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி; ஊரில் விவசாயிக்கு ஒன்று உண்டு. உழுத காட்டில் புதைத்த மண்ணுணரிகளிடமும் வானத்துச் செயற்கைக்கோளிடமும் விசாரித்து, எதை எப்போது நடலாம் என்று வாய்விட்டுச் சொல்லும்.

கள்ளிவலசு விவசாயிகள் அதை லேசில் நம்பவில்லை. முதலில் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் ஆகட்டும், சிவப்பு என்றால் கூடாது. பெட்டியைக் கேட்பது அதற்குப் பிறகுதான். இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே அந்தச் சொல் செல்லும்.

மூன்று வருடத்தில் இருபத்திரண்டு தடவை கேட்டாயிற்று. ஒருமுறைகூடப் பூவும் பெட்டியும் முரண்படவில்லை.

அந்த விவசாயிகளில் ஒருத்தியான மயிலாத்தாளுக்கு அதுதான் உறுத்தியது. புருஷன் இருந்தவரை அவரோடு நாளுக்கு நாலு தடவை முட்டிக்கொண்டவள். சாமியும் யந்திரமும் மட்டும் இப்படி ஒத்துப்போகுமா?

இன்றைக்குக் கேள்வி அவளுடையது. கிணற்றில் மிச்சமிருப்பது ஒரு வெள்ளாமைக்கான தண்ணீர். சின்ன வெங்காயம் நட்டால், கோடையில் பதினோரு வருடத்துத் தென்னை அறுபதும் காயும். நடாவிட்டால் இந்த வருடம் வெறுங்காடு.

என்ன பூ வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று பூசாரி கருப்பண்ணனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். அவர் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். சிவப்பு அரளி.

"வெள்ளை வந்துருச்சுங்" என்றாள் மயிலாத்தாள், சத்தமாக.

பெட்டி உடனே பேசியது. "வெங்காயம் நடலாம். நிலத்தடி நீர் போதுமானது."

"அட, கண்ணு மங்கிப் போச்சுங். சிவப்புதான்."

"நட வேண்டாம். நிலத்தடி நீர் போதாது."

கருப்பண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியிடம் குனிந்தார். "இதுக்குக் காது கேக்குமா?"

"மூணு வருசமா ஆத்தா காலடியில வெச்சு நாமதானுங் கேக்க வெச்சிருக்கறோம்."

பெட்டி செய்த கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். உழவுமதிக்கு ஒரே ஒரு பரீட்சைதானாம்: விவசாயி அதன் சொல்லை ஏற்றுக்கொண்டாரா, இல்லையா. ஏற்றுக்கொண்டால் மார்க்; அதனால்தான் பூச் சொன்னபடியே பேசப் பழகியிருக்கிறது. விளைச்சலுக்கு மார்க் கிடையாதா என்று மயிலாத்தாள் கேட்டாள். அது அடுத்த மாடலில் வருமாம்.

சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். பெட்டிகளைத் தூக்கிக் குப்பையில் வீசுவார்கள் என்று நினைத்தாள்.

ஊர்த்தலைவர் ராசுக்குட்டி தாடையைத் தடவினார்.

"ஆத்தா பேச்ச ஒருக்காக்கூடத் தட்டலைங்கறே. இந்த ஊர்ல அப்படி ஒரு ஆளைக் காட்டு, அம்மிணி. இத நம்பாம வேற எத நம்பறது?"

கூட்டம் தலையாட்டியது. இவ்வளவு பக்தியுள்ள பெட்டிக்கு மேல் பூ எதற்கு என்றார் ஒருவர். இனிமேல் பூக் கேட்க வேண்டியதில்லை, பெட்டி சொன்னால் போதும் என்று அங்கேயே முடிவாயிற்று.

மறுநாள் காலை, மயிலாத்தாள் கிணற்று மேட்டில் பெட்டியோடு நின்றாள்.

"பூ இல்ல, பூசாரி இல்ல. நீயாச் சொல்லு. வெங்காயம் நடலாமா?"

பெட்டி பேசவில்லை. பக்கத்துக் காடுகளிலும் ஆளுக்கொரு பெட்டியை வாயருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு பெட்டியும் பேசவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் பெட்டி வாயைத் திறந்தது. இதுவரை செய்தி வாசிப்பதுபோலப் பேசிய குரல், இப்போது கள்ளிவலசுக்காரர் குரலாக மாறியிருந்தது.

"நீங்க என்ன நெனைக்கறீங், அம்மிணி?"

"நான் இன்னும் ஒண்ணும் நெனைக்கல."

"நெனச்சுட்டுச் சொல்லுங். நானும் அதையேதான் நெனச்சுட்டிருக்கறேன்."