வெள்ளைத் தட்டில் விஷம்!

கைபேசி அலறியது.

காலை நேரம். ஒஸ்லோவின் வெஸ்ட்லி நிலையத்தில் ரி-பானே மெட்ரோ ரயிலின் கதவு மூடிய அதே கணம்!

ஷரோன் ஒரு கையில் காப்பிக் கோப்பையும், வாயில் கடித்த கையுறையுமாகக் கைபேசியைத் தேடி எடுத்தாள். திரையில் ‘ஷெஃப்’ என்று மின்னியது. அவளுடைய முதலாளி ஓடுன்! நோர்வேயில் முதலாளியைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

இந்த ஆசாமி வேலை நேரத்துக்கு முன்னால் கூப்பிட்டால் நல்ல சேதியாக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

“ஷரோன்! நேற்று அந்தப் பழைய பெட்டியிலை இருந்து தட்டு வெட்டினியா?”

நோர்வேஜிய மொழியில்தான் கேட்டான். நமக்கெதற்கு வம்பு? ஷரோனின் காதில் விழுந்தபடி தமிழிலேயே வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் முதலாளியையும் ‘நீ’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஷரோனின் அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது.

“ஓம். முழு நாளும் லேசரிலை வெட்டினனான். ஏன்?”

“மாஸ்க் போட்டனியா?”

“அலுமினா தட்டுக்கு ஏன் மாஸ்க்?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு...

“அது அலுமினா இல்லை, ஷரோன்... பெரிலியா!”

காப்பி கொட்டியது. பக்கத்து இருக்கைக்காரரின் சப்பாத்தில்! மனிதர் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

ஷரோன் மன்னிப்புக் கேட்கவும் மறந்துபோனாள்.

அவள் வேலை செய்வது ஹவுகெட்டோவில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்னத் தொழிற்கூடத்தில். மெல்லிய பீங்கான் தட்டின் மேல் தங்கமோ வெள்ளியோ கலந்த பசையைச் சல்லடைத் துணி வழியாக அச்சடிப்பார்கள். உலையில் வைத்துச் சுடுவார்கள். பசை இறுகி மின்சுற்று ஆகிவிடும். எண்ணெய்க் கிணற்றின் அடியிலும் கப்பலின் வயிற்றிலும், சாதாரணப் பச்சைப் பலகைச் சுற்றுகள் வெந்து சாகிற இடங்களில், இந்தத் தட்டுகள்தான் அசராமல் உழைக்கும்.

தட்டு பெரும்பாலும் அலுமினா. பரம சாது.

பெரிலியா அப்படியல்ல. பார்வைக்கு அதே வெள்ளை. கையால் தொட்டால்கூட ஒன்றும் செய்யாது. ஆனால் அதைத் தூளாக்கி மூச்சில் இழுத்தால்... நுரையீரலில் போய்க் குடியேறிக்கொள்ளும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, ஒரு நாள் மூச்சை நெரிக்கத் தொடங்கும்!

நேற்று முழுவதும் அவள் இழுத்தது அந்தத் தூளையா?

ஷரோனுக்கு வயது இருபத்தேழு. தேவாலயப் பாடகர் குழுவில் அவள்தான் உச்சக் குரல். பாஸ்காவுக்குத் தனிப்பாட்டு வேறு அவளுடையது. அவளிடமிருந்த சொத்தே அந்த மூச்சுத்தான்!

பயந்துபோனாள். நன்றாகவே பயந்துபோனாள்.

---

லேசர் அறைக் கதவில் மஞ்சள் நாடா குறுக்கே ஒட்டியிருந்தது.

ஓடுன் முகமூடியோடு நின்றான். கம்பளிச் சட்டை, கலைந்த தலை. விற்பனைப் பிரிவிலிருந்து முதலாளி நாற்காலிக்குத் தாவியவன். எந்தத் தட்டு எதனால் ஆனது என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

“பெட்டி எங்கை, ஓடுன்?”

“போட்டுது. நச்சுக்கழிவு வண்டி விடியவே வந்து ஏத்திக்கொண்டு போட்டுது.”

“அது கப்பல் கொம்பனியின்ரை பெட்டியல்லோ? சோனாருக்கு வெட்டிக் குடுத்திட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேணுமே!”

“அவையளின்ரை பழைய ஆள் ஒருத்தர்தான் எனக்கு எடுத்துச் சொன்னவர், பெரிலியா எண்டு. இனி என்னத்தைத் திருப்பி அனுப்புறது? அழிச்சாச்சு எண்டு எழுதிவிடுவன்.”

“எனக்கு இப்பவே சோதிச்சுப் பாக்க வேணும்!”

“இரத்தம் எடுத்து ட்ரொண்ட்ஹைம் லாபுக்கு அனுப்பலாம். மூண்டு கிழமை செல்லும். நீ வீட்டை போய் ஆறுதலாய் இரு. ஒருத்தருக்கும் சொல்லாதை!”

மூன்று வாரம்!

ஒவ்வொரு இருமலுக்கும் உயிர் போய் உயிர் வர வேண்டிய மூன்று வாரம்! ஷரோன் நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“ஏனுங்க ஷரோன், என்னாச்சு?”

இளம்பரிதி. கோயம்புத்தூர்க்காரன். முடிந்த வேலையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குறை சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவன்.

“பரிதி... நான் சாகப்போறன் போல கிடக்கு.”

“சாகறதுக்கு முன்னாடி டீடெய்லா சொல்லிட்டுப் போங்க!”

சொன்னாள். கேட்டவனின் முகம் வெளிறியது.

“ஐயோ! நேத்து நீங்க கட் பண்ணினதுல ஒரு பீஸ் இன்னும் என் மைக்ராஸ்கோப் கீழேயே இருக்குதுங்க! நான் தொட்டனே!”

ஷரோனின் கண்கள் விரிந்தன.

“என்னது... ஒரு துண்டு கிடக்கோ?”

“இருக்கு. ஏன்?”

“தொட்டால் ஒண்டும் செய்யாது. எடுங்கோ அதை! நான் ஐஸ் எடுத்துக்கொண்டு வாறன்!”

“ஐஸா? சாகற நேரத்துல ஜூஸா கேக்குது உங்களுக்கு?”

அவள் அதற்குள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். மாசி மாதத்து ஒஸ்லோவில் ஐஸுக்கா பஞ்சம்! கூரை விளிம்பில் தொங்கிய பனிக்குச்சி ஒன்றை உடைத்து மேசையில் கிடத்தினாள்.

“வடிவாய்ப் பாருங்கோ, பரிதி. பெரிலியா சூட்டை மறிக்காது. விரலின்ரை சூடு அப்பிடியே தட்டுக்குள்ளாலை ஓடி ஐஸுக்குப் போயிடும். தட்டு ஐஸை வெட்டிக்கொண்டு இறங்கும். கத்தி வெண்ணெயிலை இறங்கிற மாதிரி!”

“அலுமினான்னா?”

“சோம்பேறி. அது மேலையே நிக்கும்.”

முதுகில் தங்கம் பூசிய அந்த வெள்ளைத் துண்டை விரல்களில் பிடித்தாள். விளிம்பைப் பனிக்குச்சியின் மேல் வைத்து அழுத்தினாள். கண்ணை மூடி, அருள் நிறைந்த மரியே ஒன்று சொல்லத் தொடங்கினாள்.

சொல்லி முடித்தாள்.

கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

“ஷரோன்...”

“இறங்கிட்டுதோ?”

“அட, லேசா நனைஞ்சிருக்கு, அவ்வளவுதாங்க! மேலயே உக்காந்திருக்கு!”

அலுமினா! சாதாரண, சோம்பேறி, தங்கமான அலுமினா!

ஷரோனுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இளம்பரிதியைப் பிடித்து உலுக்கினாள். அவன் கண்ணாடி கழன்று விழுந்தது.

“அப்ப எதுக்குங்க பாஸ் பொய் சொன்னாரு?” குனிந்து கண்ணாடியைத் தேடியபடியே கேட்டான்.

சிரிப்பு நின்றது.

“அவரை ஆரும் ஏமாத்தியிருக்கலாம்...” என்று இழுத்தாள்.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம்!

செம்மஞ்சள் உடுப்பில் ஒருவர் இறங்கினார். நச்சுக்கழிவு வண்டி ஓட்டும் றொனால்ட். அவளுடைய அப்பாவின் ஊர்க்காரர். ஞாயிறு பூசையில் மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்து தூங்குகிறவர்.

“என்ன பிள்ளை, முகம் ஒருமாதிரிக் கிடக்கு? கரைப்பான் தகரங்கள் எடுக்க வந்தனான்.”

“அங்கிள், விடிய வந்த மற்ற வண்டி எது?”

“மற்ற வண்டியோ? இந்தப் பக்கத்துக்கு நான் ஒராள்தானே! இண்டைக்கு முதல் வந்தது இஞ்சைதான்.”

“ஒரு மரப்பெட்டி ஏத்தேல்லையோ?”

“இல்லையே! ஆனால்... காருக்குப் பக்கத்திலைதான் வண்டியை விட்டனான். உங்கடை ஷெஃப்பின்ரை காருக்குள்ளை, கம்பளியாலை மூடி ஒரு மரப்பெட்டி கிடக்கு. அதுவோ?”

ஷரோனும் இளம்பரிதியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பெட்டி நிறையத் தட்டுகள். ஒவ்வொரு தட்டின் முதுகிலும் தங்கப் பூச்சு! பழைய காலத்து ஆட்கள் கஞ்சத்தனம் தெரியாமல் பூசியது. ‘விஷம்... அழிச்சாச்சு’ என்று கப்பல் கம்பனிக்கு எழுதிவிட்டால் யார் திரும்பக் கேட்கப் போகிறார்கள்?

அதற்காக ஒரு பெண்ணின் நெஞ்சில் நெருப்பை அள்ளிப் போட்டிருக்கிறான்!

“போலீஸைக் கூப்பிடலாங்க!”

“கூப்பிட்டு? பயத்திலை பெட்டியைப் பாதுகாத்தனான் எண்டு சொல்லுவான். கவனமாய் இருந்ததுக்கு ஆரும் மறியற்சாலைக்குப் போறதில்லை, பரிதி.”

“அப்ப விட்டுடறதா?”

ஷரோனுக்குக் கோபம் ஏறியிருந்தது. கோபம் ஏறினால் அவளுக்கு மூளை கூடுதலாக வேலை செய்யும். அது ஒரு வியாதி.

“ரெண்டு பேரும் ஷெஃப்பின்ரை அறைக் கதவுக்குப் பின்னாலை நில்லுங்கோ. பரிதி, போனிலை ரெக்கோர்ட் போடுங்கோ.”

ஒரு நிமிடம் எங்கோ காணாமல் போனாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்து, தலை கலைந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தாள்!

---

“ஓடுன்...”

“நீ இன்னும் வீட்டை போகேல்லையா?”

“நீ சொன்னது சரிதான், ஓடுன்.” விம்மினாள். “மேலடுக்குத் தட்டெல்லாம் அலுமினா. எனக்கு ஒண்டுமில்லை. ஆனால் அடியடுக்கு...”

“அடியடுக்குக்கு என்ன?”

“அதிலை இருந்து நேற்று ஒண்டு எடுத்து வைச்சனான். நீயே பார்!” என்றாள். பனிக்குச்சியை அவனுடைய மேசையில், காப்பித் தட்டின் மேல் வைத்தாள். கையிலிருந்த தட்டின் விளிம்பைப் பனியில் அழுத்தினாள்.

சர்ர்ரென்று இறங்கியது!

பனிக்குச்சி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி உருண்டு தரையில் விழுந்தது!

கதவுக்குப் பின்னால் இடுக்கு வழியாகப் பார்த்த இளம்பரிதி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

“பாத்தியா? பெரிலியா மட்டும்தான் இப்பிடி வெட்டும்!”

“இல்லை... இருக்க ஏலாது...”

“ஏன் இருக்க ஏலாது? நீதானே சொன்னாய்!”

ஓடுனின் முகத்தில் இரத்தமே இல்லை. ஒரு தரம் இருமினான். தன் இருமலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டான். மறுபடி இருமினான்!

“ஷரோன்... ஒரு பேச்சுக்குக் கேக்கிறன்... ஆராவது... அரைக்கிற சில்லு போட்டு... ஒரு தட்டைச் சுரண்டியிருந்தால்?”

“தூள் பறந்ததோ?”

“பறந்தது... பறந்திருக்கும்!”

“கதவு, யன்னல் திறந்து கிடந்ததோ?”

“குளிர்! எல்லாம் பூட்டிக்கிடந்தது!”

“கர்த்தரே!” ஷரோன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். “ஆர் அந்தப் பாவம் செய்தது?”

“சோதனை! எனக்கு உடனை சோதனை செய்ய வேணும்!”

“ட்ரொண்ட்ஹைம் லாபிலை மூண்டு கிழமை செல்லுமாம்...”

ஓடுன் நாற்காலியில் சரிந்தான்.

“இப்பவே டொக்டரிட்டைப் போனால் பாக்கலாம்,” என்றாள் ஷரோன், இரக்கமே உருவாக. “ஆனால் எங்கை, எப்ப, எப்பிடி அரைச்சது எண்டு ஒண்டுவிடாமல் சொல்ல வேணும். ஒளிச்சால் அவையாலை ஒண்டும் செய்யேலாது.”

அவ்வளவுதான். மடை திறந்தது!

“என்ரை ஹித்தேயிலை! மலைவீட்டிலை! போன சனிக்கிழமை! தங்கத்தைச் சுரண்டினனான்! அடியடுக்கிலை இருந்துதான் எடுத்தனான், குறைஞ்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு! பழைய ஆள் எண்டு ஒருத்தரும் எடுத்துச் சொல்லேல்லை! பெரிலியா எண்டது நான் இன்டர்நெட்டிலை பாத்துச் சொன்ன கதை! மிச்சப் பெட்டி காருக்குள்ளை கிடக்கு! ஷரோன், நான் சாவனோ?”

கதவு திறந்தது.

இளம்பரிதி கைபேசியை நீட்டியபடி நின்றான்.

“எனக்கு நார்வீஜியன் பாதிதாங்க புரிஞ்சுது. ஆனா போனுக்கு முழுசாப் புரிஞ்சிருக்கு!”

“எனக்கும் முழுக்க விளங்கினது,” என்றார் றொனால்ட். “இந்தக் கொட்டாவி வாற பூசையளை விட இது நல்லாயிருந்தது, பிள்ளை.”

---

போலீஸ் கார் வந்தது. பெட்டி இறங்கியது. ஓடுன் ஏறினான். ஏறும்போதும் இருமல்... உட்காரும்போதும் இருமல்!

இளம்பரிதிக்கு மனசு கேட்கவில்லை.

“திருடன்தான்... இருந்தாலும் பாவங்க. அந்தத் தூள் உள்ள போயிருக்குமே. மனுஷன் இனி எத்தனை வருஷம்...”

“நூறு வருஷம் இருப்பான்.”

“என்னது?”

“அந்தப் பெட்டி அடி வரைக்கும் அலுமினாதான், பரிதி. இப்ப பொலிஸ் இறக்கேக்கை அடியடுக்கையும் ஐஸிலை வைச்சுப் பாத்திட்டன்.”

“அப்ப அங்க ஐஸை வெட்டுச்சே... அது?”

“அலுமினியம் நைட்ரைட்! எங்கடை ஸ்டோரிலை கிடந்த மாதிரித் தட்டு. அதுவும் சூட்டை இப்பிடித்தான் கடத்தும். விஷமுமில்லை, ஒரு மண்ணுமில்லை.”

இளம்பரிதி வாயைப் பிளந்தான்.

“ஆனா... அது கிரே கலர் ஆச்சே! தங்கமும் இல்லையே! அவரு கவனிக்கலையா?”

“களவெடுத்தவனுக்கு அந்த நேரத்திலை நிறம் தெரியுமோ?”

“எமகாதகிங்க நீங்க!”

“ஆனால் நான் அவனை மாதிரி இல்லை. ஒரு ஆளைச் சாவுப் பயத்தோடை விடக் கூடாது. எனக்குத் தெரியும் அது எப்பிடி இருக்கும் எண்டு.”

ஷரோன் விறுவிறுவென்று நடந்து போய்ப் போலீஸ் காரின் ஜன்னலைத் தட்டினாள். குனிந்து ஏதோ சொன்னாள்.

தூரத்தில் நின்று இளம்பரிதி பார்த்தான். ஓடுன் முதலில் கண்ணை மூடித் திறந்தான். பிறகு சிரித்தான்... வாய்விட்டுச் சிரித்தான்!

அப்புறம்தான் அவனுக்குத் தான் கொடுத்த வாக்குமூலம் ஞாபகத்துக்கு வந்தது போலிருக்கிறது.

கார் கிளம்பியது. ஷரோன் கைகளைத் தட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

“என்னங்க, இருமல் நின்னுடுச்சா?”

“அது அப்பவே நிண்டிட்டுது, பரிதி... இப்ப நெஞ்சுக்குத்து எண்டு சொல்லுறான்!”