கீழ்வரிசையில் ஆறு குழிகள்

மதியத் தூக்கம் கலைந்தபோது பல் டாக்டரின் நாக்கு ஒரு குழிக்குள் கிடந்தது. கடைவாய்ப்பல் இருக்க வேண்டிய இடத்தில் சதசதவென்று ஏதோ இருந்தது; துருப்பிடித்த தகரத்தை நக்கியதுபோல ஒரு ருசி, அதற்கடியில் பூசணம் பிடித்த பழைய தண்ணீரின் வாடை, தலையணை உறையில் காய்ந்து மொறமொறத்துப் போன எச்சில். விழுங்கினார். தொண்டையில் வழவழவென்று இறங்கியது.

கார் கவிழ்ந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு எதுவும் தங்குவதில்லை. ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அதற்கு முந்தியது துடைத்துவிட்டாற்போல் போய்விடும். விபத்துக்கு முந்தியவை மட்டும் பத்திரமாக இருந்தன: கல்லூரி, மனைவியின் சாவு, கீழ்த்தளத்தில் முப்பது வருடம் நடத்திய கிளினிக். இடது கால் இழுத்துக்கொண்டதால் வீட்டோடு ஒரு நர்ஸம்மாவைத் தம்பி அமர்த்தியிருந்தான். அவள் தினமும் தன்னை யாரென்று சொல்லித்தான் காப்பியை நீட்டுவாள்.

சுவரைப் பிடித்துக் குளியலறைக்குப் போனார். விளக்கைப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் உதட்டைக் கீழே இழுத்துப் பிடித்தார்.

கீழ்வரிசையில் ஒன்றல்ல, ஆறு குழிகள்.

ஞாபகம்தான் போயிருந்ததே தவிர, தொழில் போகவில்லை. எந்தப் புண்ணுக்கு எத்தனை நாள் வயது என்று அவரால் பார்த்தவுடனே சொல்ல முடியும். இடது ஓரத்தில் ஈறு மூடி மழுங்கியிருந்தது: ஐந்து மாதம். அதற்கடுத்தது நான்கு. மூன்றாவது இன்னும் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. இப்படியே நகர்ந்து வந்து, வலது கோடியில், கறுப்பு ஜெல்லிபோல் இரத்தக்கட்டி அடைத்த இந்தக் குழி. இன்று காலை.

முதல் குழியின் ஓரத்தை விரலால் அமுக்கினார். உள்ளே உடைந்து தங்கிய வேர்த்துண்டைச் சுற்றி மஞ்சளாகச் சீழ் பிதுங்கி, விரல் நுனியில் வெதுவெதுப்பாக உருண்டது. நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் வாயா இது? பிடுங்கியவருக்குக் கொறடு பிடிக்கவே தெரிந்திருக்கவில்லை. இரண்டாவதும் அப்படித்தான், எலும்பே பிளந்திருந்தது. நான்காவது பரவாயில்லை. ஆறாவது, அவரே பிடுங்கியதுபோல அத்தனை சுத்தம்.

யாரோ அவர் வாயில் தொழில் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

கூடத்தில் போன் அடித்தது. காலை இழுத்துக்கொண்டு போய் எடுத்தார். தம்பி.

"அண்ணே, சாப்டியா?"

"டேய், யாரோ என் பல்லைப் பிடுங்கறாங்கடா. ஆறு பல்லு. உடனே கிளம்பி வா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா? நீயேதாண்ணே பிடுங்கிக்கிற. பழைய தொழில் கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு அந்தம்மா சொல்லி அழறாங்க. பாவம், உன் ரத்தத்தையும் எச்சிலையும் துடைச்சுக்கிட்டுக் கிடக்கறாங்க. அவங்களையும் விரட்டிடாத."

போனை வைத்தபோது நர்ஸம்மா பின்னால் நின்றிருந்தாள். கையில் மிக்ஸியில் அரைத்த சாப்பாடு, சாம்பல் நிறத்தில்.

"என்ன சொன்னார் தம்பி?"

அவர் வாசற்கதவைப் பார்த்தார். பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில்.

"குழியை எல்லாம் எண்ணிட்டீங்களா? வழக்கமா மூணு மணிக்குள்ள எண்ணிடுவீங்க." கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "உக்காருங்க டாக்டர். சாப்பாடு அப்புறம்."

"நீ யாரு?"

"எனக்கு ஒன்பது வயசுப் பொண்ணு ஒருத்தி இருந்தா. பச்சை ரிப்பன். கீழ்க் கடைவாய்ப்பல்லு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதுதான் கொடுமை. அன்று காலையில் சாப்பிட்டது ஞாபகமில்லை. அந்த ரிப்பன் ஞாபகம் இருந்தது. சாப்பாட்டு நேர அவசரம். முந்தின கிழவரின் வாயிலிருந்து எடுத்த கொறடு. தண்ணீரில் ஒரு அலசு, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் அந்தக் குழந்தையின் கழுத்து, காதிலிருந்து நெஞ்சுவரை பானைபோல் வீங்கி, மூச்சுவிடும்போதெல்லாம் அழுகல் வாடை அடித்ததாக, அது செத்தபின் நடந்த விசாரணையில் யாரோ சொன்னார்கள். அவர் குனிந்தபடியே இருந்தார். பின்வரிசையில் ஒரு பெண் அழுதாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொறடைக் கொதிக்க வெச்சீங்களான்னு கேட்டாங்க," என்றாள். "ஞாபகம் இல்லைன்னீங்க."

"மன்னிச்சிடும்மா." குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது. "கொதிக்க வைக்கல. தெரிஞ்சுதான் பொய் சொன்னேன். மன்னிச்சிடு."

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. சாக்கடையில் கிடப்பதைப் பார்க்கும் அருவருப்பு மட்டும்.

"காலையில பல்லைப் பிடுங்கினதும் இதையேதான் சொன்னீங்க. இதே அழுகை. கேட்டதும் எனக்கு மனசு ஆறிப்போச்சு, விட்டுடலாம்னுகூட நினைச்சேன். அப்புறம் ஒரு தூக்கம் போட்டீங்க. எழுந்து வந்து நீ யாருன்னு கேக்கறீங்க." முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்தாள். "நீங்க கேட்ட மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் மட்டும் என்ன பண்றது?"

கீழே கிளினிக்கில் இருந்த கொறடுத் தட்டைக் கொண்டுவந்தாள். எஃகு. குளிர்ந்த வெளிச்சம். ஜன்னல் வழியே வெயில், தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம். கத்தலாம். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப மேல்வரிசை. முதல் தடவை."

வாய் திறந்தது. அவர் திறக்கவில்லை. அதுவாகவே திறந்தது, பழகிய பிராணிபோல. எச்சில் நூலாக இறங்கி மடியில் விழுந்தது. தன் மூச்சின் நாற்றம் தன் மூக்கிலேயே ஏறியது.

அவள் விரல்கள் தட்டின்மேல் தயங்கின. ஒரு கொறடை எடுத்தாள். வைத்தாள். வேறொன்றை எடுத்தாள். தவறானது.

அவருடைய வலது கை எழுந்தது.

வேண்டாம் என்று நினைத்தார். கை நிற்கவில்லை. தட்டுக்கு மேலே போயிற்று. மேல் கடைவாய்ப்பல்லுக்குரிய கொறடைத் தேடி எடுத்தது. முனையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பிடியை அவள் உள்ளங்கையில் பாந்தமாக வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது.