நான்கு மணிக்கு நெட் எங்கே போகிறது?

வீட்டில் அவளை எல்லோரும் துருவி என்றுதான் கூப்பிடுவார்கள். காய்கறி துருவுவதால் வந்த பெயர் இல்லை. யார் எதைச் சொன்னாலும் ஏன், எப்படி, எப்போது என்று துருவித் துருவிக் கேட்பதால் வந்த பெயர். வயது பத்து.

அந்தத் திங்கட்கிழமை மாலை, கேள்வி கேட்பவளையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள்.

"உண்மையைச் சொல்லு. இதைப் பிடுங்கிப் போட்டது நீதானே?" என்றார் அப்பா. அவர் கையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது.

"நான் தொடவே இல்லப்பா!"

"அப்ப உங்க அண்ணனா?"

"எனக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது," என்றான் அண்ணன், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அவன் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதே துருவிக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த வெள்ளைப் பெட்டி அத்தைக்காக வாங்கியது. அத்தை, அப்பாவின் அக்கா. பள்ளியில் பல வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். போன வருடம் தொண்டையில் ஓர் ஆபரேஷன். உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. குரல் மட்டும் கரகரவென்று ஆகிவிட்டது. பள்ளி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார்.

இப்போது அவருக்கு ஒரு புது வேலை கிடைத்திருந்தது. தினமும் மாலை நான்கு மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாக, எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டும். அதற்குச் சத்தமில்லாத இடம் வேண்டும். அதனால் தோட்டத்தின் கோடியில் இருந்த சாமான் அறையைக் காலி செய்தார்கள். பெயிண்ட் டப்பாக்களும் கால் உடைந்த நாற்காலியும் வெளியே போயின. மேஜையும் பலகையும் உள்ளே வந்தன.

நெட் மட்டும் உள்ளே வரவில்லை. ரூட்டர் கூடத்தில் இருந்தது. நடுவில் மூன்று சுவர், ஒரு பெரிய மரம்.

அப்பா பஸ் பணிமனையில் காலை ஷிப்ட் மெக்கானிக். "பஸ்ஸையே பிரிச்சு மாட்டுறேன், இது என்ன பெரிய விஷயம்?" என்று அந்த வெள்ளைப் பெட்டியை வாங்கி வந்தார். ரூட்டரின் சிக்னலை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் அதற்கு எக்ஸ்டெண்டர் என்று பெயர். முதலில் அதைத் தோட்டத்து அறையிலேயே மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இங்க சிக்னலே வரல. அதுக்குக் கிடைச்சாத்தானே நமக்குக் குடுக்கும்?" என்று அப்பாவே தலையில் தட்டிக்கொண்டார். பிறகு பின்கட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில், பாதி வழியில் மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் எல்லாம் சரி. தோட்டத்து அறைக்கும் நெட் வந்துவிட்டது.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. பத்தே நிமிடத்தில் அத்தை வெளியே வந்தார். "நெட் போயிடுச்சு," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனார். அப்பா போய்ப் பார்த்தபோது எக்ஸ்டெண்டர் கழற்றப்பட்டு ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

அதனால்தான் இந்த விசாரணை.

அப்பா அதைத் திரும்ப மாட்டி, மேலே டேப் ஒட்டினார். "இனி இது பக்கம் யாரும் போகக் கூடாது!"

செவ்வாய்க்கிழமை நான்கு மணி. அத்தை மறுபடியும் வெளியே வந்தார். "இன்னைக்கும் நெட் இல்ல."

டேப் ஒட்டியபடியே இருந்தது. அப்பா துருவியைப் பார்த்தார். "பாஸ்வேர்டை ஏதாச்சும் நோண்டுனியா?"

துருவிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இனி சும்மா இருக்கக் கூடாது. யார் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

புதன்கிழமை அண்ணனைக் கவனித்தாள். நான்கு மணிக்கு அவன் பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். ஆக, அவன் இல்லை.

பக்கத்து வீட்டுத் தொப்பிக்காரர்? மதில் மேலாக அடிக்கடி எட்டிப் பார்க்கிறவர் அவர்தான். நெட்டைத் திருடுகிறாரோ?

உடனே மதிலோரம் போய் நின்றாள். "மாமா, நீங்க எங்க வீட்டு நெட்டை எடுக்கறீங்களா?"

தொப்பிக்காரர் விழித்தார். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். பட்டன் வைத்த பழைய போன். அதையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்.

"இதுல நெட்டு எந்தப் பக்கமா வரும்மா?" என்று அவர் அக்கறையாகக் கேட்டார்.

"அப்ப எதுக்கு எட்டிப் பாக்கறீங்க?"

"என் பூனை உங்க மரத்துல ஏறிக்கிட்டு இறங்க மாட்டேங்குது!"

துருவி அசடு வழியச் சிரித்துவிட்டு ஓடி வந்தாள்.

அன்றும் வகுப்பு நடக்கவில்லை. "வெள்ளிக்கிழமையும் இப்படியே இருந்தா வேற டீச்சரைப் போட்டுடுவாங்களாம்," என்றார் அத்தை மெதுவாக. அப்பா ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் தோட்டத்துக்கும் கூடத்துக்கும் நடந்தார்.

வியாழக்கிழமை துருவி அம்மாவின் போனை வாங்கி, மொபைல் டேட்டாவை அணைத்து வீட்டு நெட்டை மட்டும் வைத்துக்கொண்டாள். நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னலுக்குப் போனாள். பச்சை விளக்கு. பிறகு ஓசைப்படாமல் தோட்டத்து அறையின் சுவரோரம் போய் உட்கார்ந்து, போனில் ஒரு யானைக்குட்டி வீடியோவைப் போட்டாள், சத்தமில்லாமல். யானைக்குட்டி எங்கும் நிற்காமல் ஓடியது. நெட் இருக்கிறது!

நான்கு மணி. கதவு திறந்தது. அத்தை வாசலில் நின்று வீட்டைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இன்னைக்கும் நெட் வரல."

துருவியின் கையில் யானைக்குட்டி குளித்துக்கொண்டிருந்தது.

அத்தையா? அத்தையா பொய் சொல்கிறார்? அப்படியானால் திங்கட்கிழமை பெட்டியைக் கழற்றியதும்...

ஒரே ஓட்டமாக ஓடி அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். தன்மேல் விழுந்த பழி போய்விடும். ஆனால் அத்தையைப் பார்த்தாள். அவர் தொண்டையைத் தடவியபடி, உள்ளே இருந்த கம்ப்யூட்டரையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

துருவி அப்பாவிடம் போகவில்லை. அறைக்குள் போனாள்.

"அத்தை, நெட் இருக்கு," என்று போனைக் காட்டினாள்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை ஒரு பையன் கேட்டான்," என்றார். "'டீச்சர், உங்க மைக் கெட்டுப்போச்சா? தவளை கத்துற மாதிரி இருக்கு'ன்னு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. கம்ப்யூட்டரை மூடி வச்சிட்டு வந்துட்டேன். வர்ற வழியிலதான் அந்தப் பெட்டியைக் கழட்டினேன். திட்டு உனக்கு விழும்னு நினைக்கல. அப்புறம் சொல்லவும் தைரியம் வரல."

துருவிக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"மைக் கெட்டுப்போச்சான்னு அவன் கேட்டான். நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"கேட்டா பதில் சொல்லணும்ல, அத்தை? இல்லன்னா கேட்டுக்கிட்டேதான் இருப்போம். நான் அப்படித்தான்."

அத்தைக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

"இருங்க," என்று துருவி கூடத்துக்கு ஓடினாள். அங்கிருந்து அம்மாவின் போனில் அத்தையைக் கூப்பிட்டாள். திரையில் அத்தையின் முகம் தெரிந்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், உங்க மைக் கெட்டுப்போச்சா?"

அத்தை கையால் திரையை மறைக்கப் போனார்.

"பதில் சொல்லுங்க டீச்சர்!"

ஆறு முறை கேட்டாள். ஏழாவது முறை அத்தை பதில் சொன்னார். எட்டாவது முறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அத்தை அப்பாவிடம் போனார். "தம்பி, அன்னைக்கு அதைக் கழட்டினது நான். நெட்டுக்கு ஒரு நாளும் ஒண்ணும் ஆகல. பிள்ளையைத் திட்டாதே," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

அப்பா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். துருவியின் பக்கத்தில் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"தப்புதான்மா. கேக்காமலே முடிவு பண்ணிட்டேன்."

"கேட்டீங்கப்பா. நான் சொன்னதைத்தான் நம்பல," என்றாள் துருவி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாவம் என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

நான்கு மணி. அறைக்கு வெளியே துருவி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இன்னும் மைக் சரி பண்ணலையா?" அதே பையன்!

துருவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மைக்குக்கு ஒண்ணுமில்லப்பா. என் குரல்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கு. இனி இப்படித்தான் இருக்கும். இந்தக் குரல்ல கணக்கு சொன்னா விடை தப்பாயிடுமா என்ன?"

பிள்ளைகள் சிரித்தார்கள். இந்த முறை அத்தையும் சேர்ந்து சிரித்தார்.

"இப்ப வலிக்குதா டீச்சர்?" என்று அந்தப் பையன் மெல்லக் கேட்டான்.

"இல்லப்பா. சரி, நோட்டை எடு. ஒரு ரொட்டியை மூணு பேருக்குப் பங்கு போடணும்..."

ஐந்து மணிக்கு வகுப்பு முடிய வேண்டும். ஐந்தேகாலுக்கு அப்பா தோட்டத்துக்கு வந்தார். "என்னாச்சு, மறுபடியும் நெட்..."

துருவி உதட்டில் விரல் வைத்தாள். "உஷ்! கிளாஸ் நடக்குதுப்பா."

உள்ளேயிருந்து ஒரு குட்டிக் குரல் கெஞ்சியது: "டீச்சர், இன்னும் ஒரே ஒரு கணக்கு!"