மூன்றாவது தட்டு

மழையா அது? ட்வீட் ஆறே எழுந்து நின்று, ஊரைப் பார்க்கக் கிளம்பி வந்ததுபோல் இருந்தது. அப்படி ஒரு மழையை நோவாவே பார்த்திருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்வேன்...

அந்த மழையில், ஆற்றங்கரை மேட்டில் நிற்கும் நெதர்லா கோட்டையின் வாசலில், நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நின்றான் ஃபெர்கஸ் லோரிமர். பாலத்தை அகலப்படுத்துவதற்கு முன் அளந்து பார்ப்பதற்காக எடின்பரோவிலிருந்து முந்தின நாள்தான் எங்கள் ஊருக்கு வந்திருந்தான். ஆறடி உயரம். அதில் பாதி மூக்கு.

கதவைத் தட்டினான்.

"கோட்டை மூடியாச்சு!" உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

மறுபடி தட்டினான்.

"மேடம், மழை பிச்சு உதறுது. சித்த நேரம் ஒதுங்கிக்கிறேனே..."

"மூடியாச்சுன்னா மூடியாச்சுதான்!"

எடின்பரோவில் ஒருவர் இரண்டு தடவை இல்லை என்றால், அது இல்லைதான். அவன் திரும்பினான். திரும்பியவன் கையிலிருந்த குடையை, ஆற்றிலிருந்து ஏறி வந்த காற்று வெடுக்கென்று பிடுங்கியது. அதைத் தலைகீழாகப் புரட்டி, ஒரு சுழற்று சுழற்றி, ஓக் மரக் கதவின் மேல் ஓங்கி அடித்தது.

டமார்!

தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது. அந்த ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கண்கள்...

என்ன கண்கள் அவை! ஆழமில்லாத இடத்தில், பழுப்புக் கூழாங்கற்கள் மேல் வெயில் விழும்போது ட்வீட் ஆறு என்ன நிறமோ, அந்த நிறம். ஃபெர்கஸ் குடையை மறந்தான். பாலத்தை மறந்தான். தன் பெயரையும் அரை நிமிடம் மறந்தான்.

"வாங்க உள்ள. வாசல்லயே நின்னு கரைஞ்சு போகப் போறீங்களா?"

'இப்பதான் விரட்டினா... இப்ப கூப்பிடுறா... என்ன பொண்ணுடா இவ?' என்று குழம்பிக்கொண்டே உள்ளே போனான்.

அவள் எல்ஸ்பெத் டர்ன்புல். கோட்டைக் காவலர் வாட் டர்ன்புல்லின் ஒரே மகள். பார்வையாளர்களுக்குச் சீட்டு கிழித்துக் கொடுப்பதும், கதவு திறப்பதும் மூடுவதும் அவள் வேலை.

அவளைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊர் எல்லையைச் சுற்றிக் குதிரையில் வருவோம். எத்தனை குதிரைகள் என்று கேட்டால் ஐந்நூறு என்பேன். நூறு என்று சொல்பவர்கள் பொறாமை பிடித்த பக்கத்து ஊர்க்காரர்கள். முன்னால் கொடி ஏந்தி வரும் இளைஞன் ஆற்றைக் கடந்து வந்து, கொடிக்கம்பால் கோட்டைக் கதவைத் தட்டுவான். உள்ளேயிருந்து "போ" என்பார்கள். மறுபடி தட்டுவான். மறுபடியும் "போ" என்பார்கள். மூன்றாவது தட்டுக்குக் கதவு திறக்கும். எதிரிக்குப் பொறுமை கிடையாதாம். உள்ளூர்க்காரன் மட்டும்தான் மூன்றாவது தடவை தட்டுவானாம். கோட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நானூறு வருடத்தில் அந்தப் பழக்கம் எங்கள் நாக்கிலும் ஏறிவிட்டது. டீயா, கேக்கா, எதுவானாலும் இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை தட்டையே காலி செய்வோம்.

எடின்பரோக்காரர்களோ வேறு ஜாதி. விருந்தாளி படியேறும்போதே, "டீ குடிச்சிட்டுத்தானே வந்திருப்பீங்க?" என்று கேட்டுக் கதையை முடித்துவிடுவார்கள்.

"டீ போடட்டுமா?" என்றாள் எல்ஸ்பெத்.

"வேண்டாம்."

"சூடா ஒரு கப்பு?"

"இல்லைங்க, வேண்டாம்."

"டீ போடுறேனே..."

'பாவம், காது மந்தம் போல' என்று நினைத்து, உரக்கக் கத்தினான் ஃபெர்கஸ். "சரிங்க! போடுங்க!"

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க? ஆத்துல மீன் செத்து மிதக்கப் போகுது."

அப்படித் தொடங்கியது...

அந்தக் கோடை முழுக்க அவன் பாலத்தை அளந்தான். ஒவ்வொரு தூணையும் மூன்று தடவை அளப்பான். ஒரு விரற்கடை பிசகக் கூடாது அவனுக்கு. ஊரே பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது. எல்ஸ்பெத்தும் வந்து நிற்பாள்.

"என்ன துரை, நேத்து அளந்த தூண் ராத்திரியோட ராத்திரியா வளர்ந்துடுச்சா?"

"அளந்தது சரியான்னு பாக்குறேன்."

"நாங்க எல்லாம் பாலத்து மேல நடந்து பாப்போம். விழலைன்னா சரி."

சனிக்கிழமை சந்தைச் சதுக்கத்தில், ஆட்டு வண்டிகளுக்கும் பாலாடைக்கட்டிக் கடைகளுக்கும் நடுவில், அவன் அவளைத் தேடுவான். தேடவில்லை என்பதுபோல் நடந்தபடியே தேடுவான். ஒருநாள் ஐஸ்கிரீம் கடை முன்னால் நின்று கேட்டான்.

"ஸ்ட்ராபெரி வாங்கட்டுமா உனக்கு?"

"வேண்டாம்," என்றாள் அவள், கண்ணைத் தாழ்த்தி.

அவன் தலையாட்டினான். தனக்கு ஒன்று வாங்கினான். அவள் முன்னாலேயே நின்று, ரசித்து ரசித்து, கோனின் அடி வரைக்கும் தின்றான்! அன்றைக்கு எல்ஸ்பெத் பார்த்த பார்வைக்கு அந்த ஐஸ்கிரீம் ஆவியாகிப் போயிருக்க வேண்டும்.

'இவனுக்கு இரக்கமே கிடையாதா...? இன்னும் ரெண்டு தடவை கேட்டா வாய் வலிக்குமா?'

'எவ்வளவு கட்டுப்பாடான பொண்ணு...' என்று நினைத்தான் அவன், மீசையில் ஒட்டியதை நாக்கால் துடைத்துக்கொண்டு.

அந்த வருடத்து ஜூன் ஊர்வலம் அவன் வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மூச்சு விடுவது எப்படி என்று யாராவது யாருக்காவது சொல்லிக்கொடுப்பார்களா? அது எல்லோருக்கும் தெரிந்தது என்றுதான் ஊரில் அத்தனை பேரும் இருந்துவிட்டோம்.

செப்டம்பரில் வேலை முடியும் நேரம். சால்மன் மீன்கள் ஆற்றை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. பாலத்தின் நடுவில் நின்றான் ஃபெர்கஸ். கண் ஆற்றில். கை தொப்பியில்.

"எல்ஸ்பெத்... என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"

அவள் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் கல்தூணும் புரிந்துகொண்டிருக்கும். அவன்தான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தானே!

"இல்ல," என்றாள், உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு.

ஒரு வாரம் அவன் சோறு தண்ணி இல்லாமல் திரிந்தான். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை, தூறலில், கோட்டைக் கதவருகே வந்து நின்றான்.

"இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுடுறேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா, எல்ஸ்பெத்?"

"இல்ல..." என்றாள் அவள். 'இன்னும் ஒண்ணுதான்... இன்னும் ஒரே ஒண்ணு... கேளேன்...'

அவன் தொப்பியைக் கழற்றினான். மழை அவன் நெற்றியில் வழிந்தது.

"மன்னிச்சுக்கோ. ரெண்டு தடவை சொல்லிட்ட. இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

மரியாதையாகத் தலை குனிந்து, மேட்டை விட்டு இறங்கிப் போனான். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். வளைவு வரை போய் விளையாட்டாகத் திரும்பி வருவான் என்று நின்றாள்.

"ஓடு பொண்ணே! போய் விஷயத்தைச் சொல்லு அவன்கிட்ட," என்றார் வாட் டர்ன்புல்.

"நான் போய் 'இன்னொரு தடவை கேளு'ன்னு கெஞ்சணுமாப்பா? கதவு எறங்கிப் போய்க் குதிரையைத் தட்டுமா? வேணும்னா அவனே வரட்டும்."

மறுநாள் காலை பஸ், சந்தைச் சதுக்கத்திலிருந்து கிளம்பியது. அதன் ஜன்னலில் ஒரு நீண்ட மூக்கு, கோட்டைப் பக்கமே திரும்பியிருந்தது. கோட்டையின் சாளரத்தில் இரண்டு கண்கள்... நடுவில் ஆறு.

பிறகு? பேக்கரி டாட் எலியட் அவளைப் பெண் கேட்டான். உள்ளூர்க்காரன், முறை தெரிந்தவன். கணக்காக மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவையும் "இல்ல" என்றாள் எல்ஸ்பெத். நெதர்லா சரித்திரத்தில் யாரும் கேள்விப்படாத மூன்றாவது "இல்லை" அது! தேவாலய மணி ஒரு வாரம் அடிக்க மறந்து நின்றது என்று சொல்வேன், நீங்கள் நம்பினால். டாட் அன்றைக்குச் சுட்ட ரொட்டி அத்தனையும் கரி. ஊருக்கு அப்போதுதான் புரிந்தது, அந்தக் கதவு யாருடைய தட்டுக்காகக் காத்திருக்கிறது என்று.

எடின்பரோவுக்கு ஓர் ஆளை அனுப்பிச் சொல்ல வைக்கலாம் என்று சிலர் முணுமுணுத்தோம். "அனுப்பிப் பாருங்க, அனுப்பினவங்க காலை உடைக்கிறேன்," என்றாள். அவள் உடைக்கக்கூடியவள். அவளுக்குக் கர்வம் அத்தனை. நாங்களும் வாயை மூடிக்கொண்டோம். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது அது.

வருடங்கள் ஓடின. வாட் டர்ன்புல் போய்ச் சேர்ந்தார். எல்ஸ்பெத்தே கோட்டைக் காவலர் ஆனாள். ஜூன் தோறும் கதவுக்கு உள்ளே நின்று "போ" என்று சொல்லும் குரல் அவளுடையதாயிற்று. கூந்தல் வெளுத்தது. கண்கள் மட்டும் அதே ஆறு...

ஒரு ஜூன் மாதம். வெயிலென்றால் வெயில், ஸ்காட்லாந்தையே வெளுத்து உலர்த்திவிடும்போல. காற்றில்லை. கொடிகூட அசையவில்லை. ஐந்நூறு குதிரைகள் ஆற்றைக் கலக்கிக்கொண்டு ஏறி வந்தன.

கொடிக்கம்பு கதவில் இடித்தது.

"கதவைத் திற! ஊர் வந்திருக்கு!"

"எந்த ஊரு? தெரியாது, போ!"

இரண்டாவது இடி.

"இன்னும் போகலையா? இல்லைன்னா இல்லதான்!"

மூன்றாவது இடி. எல்ஸ்பெத் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு அகலத் திறந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

கூட்டத்துக்குப் பின்னால், சுற்றுலாப் பயணிகள் நடுவில், ஒரே ஓர் ஆள் மட்டும் கை தட்டாமல் நின்றான். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. தலையில் மயிர் இல்லை. மூக்கு அப்படியே இருந்தது.

குதிரைகள் போயின. கூட்டம் சாப்பாட்டுக் கூடாரங்களுக்கு நகர்ந்தது. அவன் வாசலுக்கு வந்தான்.

"எல்ஸ்பெத்..."

"மூடியாச்சு," என்றாள் பழக்க தோஷத்தில். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

"இந்த மூணு தடவை... எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே."

"அன்னைக்கு அந்த டீ?"

"ஆமா."

"ஐஸ்கிரீம்?"

"எனக்கு ஸ்ட்ராபெரின்னா உசுரு. பாவி, ஒரு வாய்கூட மிச்சம் வைக்கலை நீங்க."

அவன் ஆற்றின் பக்கம் திரும்பினான்.

"பாலத்துல கேட்டேனே...?"

"அது ஒண்ணு."

"இந்தக் கதவுகிட்ட...?"

"அது ரெண்டு."

எல்ஸ்பெத்தும் ஆற்றைப் பார்த்தாள். கீழே ஒரு நாரை மட்டும் ஒற்றைக் காலில் நின்றது.

"நான் சொல்லியிருக்கலாம்," என்றாள் எல்ஸ்பெத். "நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தானாப் புரிஞ்சுக்கிட்டு வரட்டும்னு ஒரு திமிரு... வயசு அப்படி."

"உனக்கென்ன... ஒவ்வொரு தூணையும் மூணு தடவை அளந்தவன் நான். உன்னை மட்டும் ரெண்டோட நிறுத்திட்டேன்."

"தனியாவா வந்திருக்கீங்க?"

"இல்ல. வீட்டுக்காரி சந்தையில கம்பளித் துணி பாத்துக்கிட்டிருக்கா. நல்லவ. ரொம்ப நல்லவ, எல்ஸ்பெத்."

"நல்லவளாத்தான் இருப்பா," என்றாள் அவள். உண்மையாகவே சொன்னாள்.

"ஆனா ஒண்ணு..." அவன் தொப்பியை விரல்களுக்கிடையே சுழற்றினான். "உன்னை நான் அந்த ஒரு கோடைக்கு மட்டும் நேசிக்கலை. இதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சொல்லாமப் போனா திரும்பவும் அதே முட்டாளாயிடுவேன்."

"எனக்கும் அப்படித்தான்..." ஆறு நிரம்புவதுபோல் அவள் கண்கள் நிரம்பின. "நீங்க முதல் தடவை கேட்டப்பவே மனசு ஆமான்னு சொல்லிடுச்சு. வாய்தான் ஊர் வாயாப் போச்சு."

கீழே சதுக்கத்தில் சுற்றுலா பஸ் ஹாரன் அடித்தது.

"டீ குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

"வேண்டாம்... நேரமாச்சு."

இன்னும் இரண்டு தடவை கேட்டால் அவன் உட்கார்ந்துவிடுவான். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் கேட்கவில்லை.

கதவை மெல்லச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

வெளியே, மெதுவாக... ஒரு தட்டு.

"இல்ல..." என்றாள் கிசுகிசுப்பாக.

இன்னொரு தட்டு.

"இல்ல..."

பிறகு சத்தமே இல்லை. அன்றைக்குக் குடையைத் தூக்கி அடித்ததே, அந்தப் பொல்லாத காற்று... இன்றைக்கு எங்கே போய்த் தொலைந்ததோ! கூழாங்கற்களில் காலடிகள் இறங்கிப் போயின. இந்தத் தடவை தெரிந்தேதான் இரண்டோடு நிறுத்தியிருந்தான்.

எல்ஸ்பெத் ஓக் மரத்தில் உள்ளங்கையைப் பதித்தாள். வராத அந்த மூன்றாவது தட்டுக்கு, யாருக்கும் கேட்காத குரலில் பதில் சொன்னாள்.

"சரி."