மூன்றாவது இருக்கை

தோளில் விழுந்த கை சரியான இடத்தில் இருந்தது. அதுதான் மோகனப்ரியாவை உறுத்தியது.

திருப்பதிப் பக்கம், நாராயணவனம் தாண்டி ஒரு தகரக் கொட்டகைக்குள் நிறுத்தியிருந்த மாதிரி விண்கலத்துக்குள் அவள் இருந்தாள். விண்ணுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் அதற்குள் அடைபட்டு வாழ்ந்து காட்ட வேண்டும். புகை வந்தால் என்ன செய்வது என்று மூவரும் பலமுறை பழகியிருந்தார்கள். யஸ்வந்த் முதலில் மூன்று இருக்கைகள் உள்ள மீட்புக் கலத்துக்குள் போய் ஆக்சிஜனைத் திறப்பான். அவன் தோளைப் பிடித்தபடி மோகனப்ரியா, அவள் தோளைப் பிடித்தபடி ஜெபகுமார். கடைசி ஆள் அவளைக் கடந்து உட்கார்ந்ததும் அவள் கதவைப் பூட்ட வேண்டும். யஸ்வந்த் சொன்ன யோசனைதான். திருமலை தரிசன வரிசையில் கூட்டம் நெருக்கினால் அவன் வீட்டில் அப்படித்தான் நகர்வார்களாம்.

ஜெபகுமாருக்கு மட்டும் அது படியவில்லை. "நான் சர்ச்சுக்குப் போறவம்பா. மலையேறினதே இல்ல. எனக்கு இன்னாத்துக்கு கியூ?" என்று சிரிப்பான். ஒவ்வொரு பயிற்சியிலும் தோளை விட்டுவிட்டு அவளுடைய சட்டைக் கையின் நுனியைத்தான் பிடிப்பான்.

இன்று தோளைப் பிடித்திருந்தான்.

பயத்தில் ஒழுங்கு வந்திருக்கும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பின்பக்க பேட்டரி அறையிலிருந்து வந்த புகை பயிற்சிக்காக விடுகிற வெள்ளைப் புகை அல்ல. கருகின ரப்பரும் புளித்த உலோகமுமாகத் தொண்டையில் ஒட்டிக்கொண்டது, விளக்குகள் போன பிறகு அது எங்கே முடிந்து இருட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. யாரோ அவளை உரசிக்கொண்டு போனார்கள். மூன்றாவது இருக்கை கிறீச்சிட்டது. அவள் கதவை இழுத்துப் பூட்டினாள்.

காதருகே ஒலிபெருக்கி கரகரத்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து சுஷ்மிதா. "இது டிரில் இல்ல. ஃபயர் வண்டி வந்துக்கினு இருக்குது. மூணு சீட்லயும் வெயிட் காட்டுது, சூப்பர். யாரும் கதவத் தொறக்காதீங்க. வெளிய இருக்கறது விஷப் புகை."

"கேட்டியா ஜெபா? திருமலை கியூ மாதிரி கம்பார்ட்மென்ட்ல போட்டுப் பூட்டிட்டாங்க. இனிமே சாமி விட்டாத்தான்," என்றான் யஸ்வந்த்.

ஜெபகுமார் சிரிக்கவில்லை.

மோகனப்ரியா கேட்டுக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் யஸ்வந்தின் மூச்சு, வேகமாக, மூக்கடைப்போடு. அவளுடைய மூச்சு. வலப்பக்கம், மூன்றாவது இருக்கையில், துணி மெல்ல உரசும் ஓசை, ஈரத் தலைமுடியின் வாடை, எப்போதோ ஏற்றி அணைந்துபோன கற்பூரத்தின் வாடை. மூச்சு மட்டும் இல்லை. தன் காதுதான் சரியில்லையோ? இரண்டு நாளாகத் தூக்கமில்லை. எதையும் இருமுறை சரிபார்த்தும் நம்பாத புத்தி அவளுக்கு.

அப்போது கதவு தட்டப்பட்டது.

வெளியிலிருந்து.

"பிரியா..." இருமல். "பிரியா, தொற. உன் சட்டக் கையத் தேடிக்கினே வந்தேன். காணோம்."

ஜெபகுமாரின் குரல்.

"தொறக்காத," என்றது வலப்பக்கம்.

அதுவும் ஜெபகுமாரின் குரல்.

சுஷ்மிதா திரும்பச் சொன்னாள்: "பிரியா, வெளிய யாரும் இல்ல. சீட்டு மூணும் ஃபுல்லு. புகையில காது அப்படித்தான் ஏமாத்தும். கதவு மேல கை வெக்காத."

வெளியே உள்ளங்கை கதவைத் தேய்த்துக்கொண்டு கீழே இறங்கியது. முழங்கால் தரையில் மோதியது. திறந்தால் புகை உள்ளே வரும்; மூவரும் செத்துப்போகலாம். திறக்காவிட்டால், அங்கே இருப்பது அவன்தான் என்றால், அவளே அவனைக் கொன்றவள்.

அவள் வலப்பக்கம் திரும்பாமல் கேட்டாள். "ஜெபா. மலைக்கு எப்போ போன?"

துணி உரசும் ஓசை அவள் பக்கம் நெருங்கியது.

"போய்க்கினேதான் இருக்கேன்," என்றது. "கியூலதான் இருக்கேன். இன்னும் கதவு தொறக்கல."

தாழ்ப்பாளை அவள் கை தானாகத் தேடிப் பிடித்தது. சுஷ்மிதா கத்தினாள். யஸ்வந்தும் கத்தினான். புகை முகத்தில் அறைந்தது. குனிந்து துழாவினாள். முடி. கழுத்துப்பட்டி. இழுத்தாள். கனத்தது. இழுத்தாள். கதவு. பூட்டு.

அவள் காலடியில் விழுந்தவன் வாந்தியெடுப்பதுபோல் இருமினான். பிறகு அவன் விரல்கள் தடவித் தடவி மேலே வந்து அவளுடைய சட்டைக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டன.

அவள் அழுதாள்.

வலப்பக்கம் இருக்கை கிறீச்சிட்டது. யாரோ எழுந்து நின்றார்கள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று தெரியவில்லை. பின் வெளியே தண்ணீர் பீய்ச்சும் சத்தம், ஆட்கள், இரும்பில் இரும்பு. கதவு திறந்தது. டார்ச் வெளிச்சத்தில் பாதுகாப்பு அதிகாரி புருஷோத்தமன், முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு நின்றார்.

"உசுரோட இருக்கீங்களே, அது போதும்மா. வரிசையா வாங்க."

மூன்றாவது இருக்கையை அவள் பார்த்தாள். காலி. மெத்தையில் யாரோ உட்கார்ந்திருந்த பள்ளம் இன்னும் இருந்தது.

யஸ்வந்த் முதலில் இறங்கினான். அவன் தோளைப் பிடித்தபடி அவள். பின்னால் ஜெபகுமார், அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு. கொட்டகைக்கு வெளியே மாலை வெயில் இன்னும் மிச்சமிருந்தது. வாசலைத் தாண்டும்போது அவன் அவள் சட்டைக் கையைச் சுண்டி இழுத்தான்.

"பிரியா," என்றான் மெதுவாக. "என் பின்னாடி யாரு?"

திரும்பினாள். ஜெபகுமாரின் வெள்ளைச் சீருடையில், வலது தோளில், பின்னாலிருந்து வந்த நான்கு கரிய விரல்கள் சரியான இடத்தில் படிந்திருந்தன.

கொட்டகைக் கதவைப் பிடித்திருந்த புருஷோத்தமன் அதை விடவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்தார்.

"தள்ளாம வாங்க சாமி," என்றார் கனிவாக. "தள்ளாம வாங்க."

அவர் பார்வை ஜெபகுமாருக்குப் பின்னால், ஒவ்வொரு முகமாக, நகர்ந்துகொண்டே இருந்தது.