யாழியின் வயிற்றில் இருப்பவை

காலை ஆறு மணிக்கு மீனலோசனியின் வீட்டில் எல்லோரும் வரிசையாகக் குடலைக் கழுவிக்கொண்டார்கள். செவ்வாய்க் கோளின் வெண்ணகரில் அது பல் துலக்குவது போல. தூய்மையறையில் நின்றால் ஊதாக் கதிர் தோலை வருடும், மெல்லிய குழாய் வயிற்றை அலசும், பிறகு சுவரில் 'நுண்ணுயிர்: பூஜ்யம்' என்று பச்சை எழுத்து ஒளிரும். மூன்று தலைமுறையாக அந்த நகரத்தில் ஒருவருடைய வியர்வையும் நாறியதில்லை. செரிமானத்தைச் செரிமாத்திரைகள் பார்த்துக்கொண்டன.

அந்த வீட்டில் ஆறு வயது யாழிக்கு மட்டும் மாத்திரைகள் கேட்கவில்லை. எந்த ஊட்டக்கூழைக் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் தண்ணீராகப் போனது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்ற நிலையில், மருத்துவர் யோவேல் அவள் அம்மா மீனலோசனியைத் தனியே அழைத்தார்.

"இதுக்கு மருந்து இல்லம்மா. பூமியில மனுஷங்க குடலுக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர் குடியிருக்கு. சாப்பாட்டைச் செரிக்க வைக்கிறதும், நோயைத் தடுக்கிறதும் அதுங்கதான். அந்தக் குடலுயிர் இவளுக்கு வேணும்."

"எங்க கிடைக்கும்?"

"வெளிக்கொட்டகையில சரக்கு இறக்குறவங்ககிட்ட. பூமியில பொறந்தவங்க." கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "அவங்க மலத்துல."

மீனலோசனி சுகாதாரத் துறை அதிகாரி. கொட்டகை ஆட்கள் நகரத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்ற விதியை எழுதியவளே அவள்தான். மறுநாள் முகமூடியை இறுக்கிக்கொண்டு அங்கே போனாள்.

செல்லக்குருசு என்ற சுமைக்காரன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, புளித்த சோற்றில் கருவாட்டைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தான். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான். அக்குளில் ஈரம், பல்லிடுக்கில் முள். முகமூடியையும் மீறி வாடை ஏறியது. மீனலோசனி திரும்பி நின்று ஓங்கரித்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி வந்த காரியத்தைச் சொன்னாள்.

"பீயா கேக்கிய?" என்றான். சிரிப்பான் என்று நினைத்தாள், சிரிக்கவில்லை. "பிள்ளைக்கு என்ன வயசு?"

"ஆறு."

"எம் மவளும் அந்த வயசுதான், ஊர்ல இருக்கா. எப்ப வேணும்னு சொல்லுங்க, தாரேன்."

யாழிக்குக் குடல் கழுவுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, மருத்துவர் அதை வடித்து, சுத்தம் செய்து, பழுப்புநிறக் குப்பிகளில் அடைத்தார். குழந்தை விழுங்கும்போது மீனலோசனி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் மகளைக் கையுறை போட்டுத்தான் தொட்டாள். ஒன்பதாம் நாள் யாழி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள், உள்ளேயே தங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்த வீடு அதுவரை கேட்டிராத சத்தம் கேட்டது. நாற்றம் தாங்காமல் அப்பா அறையை விட்டு ஓடினார். யாழி விழுந்து விழுந்து சிரித்தாள். மீனலோசனி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, குமட்டிக்கொண்டே மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

வேறு வீடுகளிலும் பிள்ளைகள் மெலிந்துகொண்டிருந்தார்கள். யாழியிடமிருந்து எடுத்த குடலுயிர் ஒவ்வொரு வீடாகப் போனது. இரண்டே வருடத்தில், 'நாங்க யாழி வழி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் நூற்றைத் தாண்டின.

கொட்டகைக்கு இயந்திரங்கள் வந்தன. மற்றவர்கள் ஊர் திரும்பிவிட, காவலுக்கு செல்லக்குருசு ஒருவன்தான் மிஞ்சினான். அவனுக்கு நுரையீரல் காய்ச்சல் கண்டது. கொடுத்த கடும் மருந்தில் காய்ச்சல் போனது. கூடவே அவன் குடலுயிர்களும் பூண்டோடு அழிந்தன. தின்றதெல்லாம் தண்ணீராகப் போனது.

யோவேல் மீனலோசனியிடம் வந்தார். "யாழியோடது கொஞ்சம் கொடுத்தா போதும்மா, பிழைச்சுக்குவார். என் வயித்துல இருந்திருந்தா நானே கொடுத்திருப்பேன்."

மகளின் உடம்பில் இருந்தது அந்த ஈர அக்குளும் முள் சிக்கிய பல்லிடுக்கும் உள்ள உடம்புக்குள் போவதை நினைத்ததும் மீனலோசனி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த ஆளுக்கா?"

"அவரோடதுதானேம்மா அது."

"அப்ப அவரோடது டாக்டர். இப்ப எங்களோடது. எங்கள்ல யாருக்காவதுன்னா தாராளமா கொடுப்போம்."

யோவேல் மற்ற வீடுகளின் படியேறினார். பன்னிரண்டாம் நாள் செல்லக்குருசு இறந்தபோது பத்தொன்பது வீடுகளில் கேட்டு முடித்திருந்தார். யாரும் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், குடிக்கக் கொடுத்தார்கள், பிள்ளைகள் தேறிவிட்டதை மகிழ்ச்சியோடு சொன்னார்கள். விஷயத்தைச் சொன்னதும் மட்டும் எல்லா வீட்டிலும் குரலைத் தாழ்த்தி ஒன்றையே கேட்டார்கள்:

"ஆள் யாரு டாக்டர்? நம்ம பக்கமா?"