பீடத்துக் கைகள்

இருபத்து மூன்று ஜோடி உள்ளங்கைகளிலும் தூசி படிந்திருந்தது. ஒரு ஜோடியில் மட்டும் இல்லை.

பாரசீகத் தலைநகர் சூசாவில், அரண்மனையின் வாயில் மண்டபத்தில், உச்சி வெயிலுக்குப் பயந்து காவலர்கள்கூட நிழலில் உறங்கிக்கொண்டிருக்க, அடுப்புச் சூடாக வீசிய காற்றில் கல்தூசியும் புளித்த பார்லிக் கள்ளும் கலந்து மணக்க, கல்தச்சன் ஹோர்கெப் தூசி துடைக்கும் துணியோடு பேரரசர் சிலையின் காலடியில் குந்தியிருந்தான். சிலை அவன் ஊர்க் கல், எகிப்துக் கல். அந்த ஊர் முறைப்படியே இடது காலை முன்வைத்து நின்ற அரசருக்கு அங்கி மட்டும் பாரசீக மடிப்பு. பீடத்தைச் சுற்றி, அவர் ஆளும் இருபத்து நான்கு நாடுகளும் நாட்டுக்கு ஒருவனாக மண்டியிட்டு, பக்கவாட்டு முகத்தோடு, இரு கைகளையும் உயர்த்தி அவரைத் தாங்கின.

எகிப்துக்காரனின் உருவம் ஹோர்கெப் செதுக்கியது. அதன் உள்ளங்கையைத் தொட்டான். ஈரம். விரலை நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

"சாப்பிட வாங்க. ரொட்டி காஞ்சு போகுது." மனைவி மெக்கூபி கூடையோடு வந்து நின்றாள். "நாளைக்கு ராஜா வர்றப்போ இவனைத்தான் முதல்ல பாப்பாரு. மூக்கு அப்படியே உங்க மூக்கு. உங்களையே செதுக்கி வச்சிருக்கீங்க, கர்வம் பிடிச்ச மனுசன்."

அவனால் சிரிக்க முடியவில்லை. எட்டு வருடக் குடித்தனத்தில், தனக்கு ஒரு தம்பி இருந்ததையே அவளிடம் சொன்னதில்லை.

எகிப்தில் அரசருக்கு எதிரான கலகத்தில் சேர்ந்த தம்பி பெத்தேசி, தானியக் குதிருக்குள் ஒளிந்திருந்தான். வீரர்கள் வந்து கேட்டார்கள். ஹோர்கெப் வாயே திறக்கவில்லை. விரலை மட்டும் நீட்டினான். அவனைக் கொன்று உடலை ஆற்றில் எறிந்துவிட்டார்கள்.

உடலில்லாத உயிர் பசியோடு அலையும் என்பது அவன் ஊரார் நம்பிக்கை. அதனால்தான் தம்பியின் முகத்தைச் செதுக்கினான். சென்ற மாதம், யாரும் இல்லாத நேரத்தில், கோயில் சிலைகளுக்குப் பூசாரிகள் வாய்திறப்புச் செய்வதுபோல, மரம் செதுக்கும் சிறிய வாய்ச்சியால் அந்தக் கல் உதட்டைத் தொட்டு மந்திரமும் சொன்னான். வாய் திறந்த சிலைக்கு உயிர் வரும். மூச்சு வரும். தம்பிக்கு ஒரு வீடு கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தான். அந்த வீட்டின் மேல் யார் நிற்கிறார் என்பதை நினைக்கவில்லை.

கல்லுக்குச் சாவும் கிடையாது.

இப்போது கேட்டது. மூட்டை சுமப்பவன் விடும் மூச்சு. பீடத்திலிருந்து.

உதட்டை உடைத்துவிட்டால் போதும். வெறும் கல்லாகிவிடும். அரசர் சிலையைச் சிதைத்தவனுக்குக் கை போகும். போகட்டும். உளியை உதட்டில் வைத்தான். இரும்பில் ஆவி படர்ந்தது.

"யோவ், தூங்குற நேரத்துல என்னய்யா உளி?"

மேற்பார்வையாளர் பகதாத்தா. ஹோர்கெப்பின் கை தானாகவே உளியை இடுப்பில் செருகியது.

"தூசி துடைக்கிறேங்க."

பகதாத்தா குனிந்து பார்த்தார். "யாருய்யா இவன்? உன் சாடையா இருக்கான். தம்பியா?" தன் கேலிக்குத் தானே சிரித்தார்.

மெக்கூபியும் ஹோர்கெப்பின் முகத்தைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருப்பவள்போல.

"எனக்குத் தெரியாதுங்க," என்றான் ஹோர்கெப். "ஏதோ ஒரு முகம்."

பகதாத்தா போனார். மெக்கூபி கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

மூச்சுச் சத்தம் நின்றிருந்தது.

வெட்கத்தில் காது எரிந்தது. தம்பியைக் கைவிட்டது இது இரண்டாவது முறை. திரும்பிப் பார்க்கப் பயம். திரும்பினான்.

இருபத்து மூன்று பக்கவாட்டு முகங்கள்.

ஒன்று மட்டும் நேராக. இரு கண்களோடு. வாய் திறந்து.

ஒரு கை இன்னும் அரசரைத் தாங்கியது. மறு கை இறங்கியிருந்தது.

ஒரு விரல் நீண்டிருந்தது. அவனை நோக்கி.